அறுபத்தொன்று

பெயர் ஏரம்பமூர்த்தி. வயது அறுபத்தேழு.
ஊர் மண்டூர். மூன்று மாதத்து இருமல்.
துண்டில் டொக்டரின் கோழிக்கிறுக்கல்: நெஞ்சு.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் அன்றைக்கு
எண்பத்திரண்டாவது நெஞ்சு அது.

சேட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்.
மாலையையும், என்றேன்.
கை போகவில்லை.

உருத்திராட்சம். ஐந்து முகம்.
எண்ணெயும் வேர்வையும் குடித்துக் குடித்துப்
பழம்புளியின் நிறத்துக்கு வந்திருந்தது.
"படத்தில நிழல் விழும் ஐயா.
நோயா மணியா எண்டு டொக்டர் குழம்புவார்."

பெருவிரலும் நடுவிரலும்
ஒரு மணியைக் கவ்வியிருந்தன.
சுட்டுவிரல் ஒதுங்கி நின்றது,
பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி.
"இது அறுபத்தொண்டு," என்றார்.
"இதில பிடி புள்ள. விட்றாத.
மிச்சத்த வந்து சொல்லுறன்."

என் வேலையில் ஒற்றைக் கையால் ஒன்றும் நடக்காது.
கசெட்டை இடுப்பால் முட்டுக்கொடுத்து ஏற்றினேன்.
முழங்கையால் அவர் தோளை முன்னே தள்ளினேன்.
நாடியை மேலே, என்றேன்.
இடது கையில் அறுபத்தொன்று.
அதன் பள்ளமும் மேடும் விரலில் அழுந்த
காய்ந்துபோன சின்ன மூளை ஒன்றைப்
பிடித்திருப்பதுபோல இருந்தது.
நடுவே துளை. யாரும் துளைத்ததில்லையாம்,
மரத்திலேயே அப்படித்தான் விளையுமாம்.
பிறகு யாரோ சொன்னது.

ஈயக்கண்ணாடிக்குப் பின்னால் போய்
நாள் முழுக்கச் சொல்லும் மூன்று சொல்லைச் சொன்னேன்:
இழுங்க. பிடிங்க. விடுங்க.
காலையிலிருந்து எண்பத்திரண்டு தரம்.
அதை ஜெபம் என்று யாரும் சொன்னதில்லை,
சம்பளத் துண்டிலும் அப்படி எழுதுவதில்லை.

இழுத்தார். பிடித்தார்.
பட்டனை அழுத்தினேன்.
விடுங்க, என்றேன். விடவில்லை.
திரும்பவும் சொன்னேன்.
ஏறிய விலா ஏறியபடியே நின்றது,
நடு வாவியில் எஞ்சின் அடங்கிய பாதை மாதிரி.
இருபது விநாடி. முப்பது.
இருமுகிற மனுசன்!
ஓடிப்போய் முதுகைத் தொட்டேன்.
மெல்ல, பெரிய மிச்சம் ஒன்றும் இல்லாதவர்போல,
விட்டார்.

அந்த ஓட்டத்தில் என் விரலும் விட்டிருந்தது.

ஐந்து முகம் கொண்ட நூற்றெட்டும்
ஒரே முகமாய்த் தொங்கின.
அவர் குனிந்து சேட்டுக்குள் கை நுழைக்கிற நேரம்
ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.
ஈரமாய் இருந்தது.
என் வேர்வையாயும் இருக்கலாம்.

"அறுபத்தொண்டு?"
"ஓம் ஐயா."

வாங்கினார். பெருவிரலால் தடவினார்.
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு,
கரண்ட் போன இரவில்
சொந்தப் படலையைத் தேடுகிறவர் மாதிரி.
என்னைப் பார்க்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.
சரசரவென்று நாயகமணி வரைக்கும்
மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.
அதைத் தாண்டக் கூடாது.
மாலையைத் திருப்பினார்.
வெளி வாங்கில் போய் இருந்தார்.
ஒன்றிலிருந்து தொடங்கினார்.

திரையில் படம் வந்தது.
இடது பக்கம், அடியில்,
மணியளவு வெள்ளை.
மாலை என் கையில் இருந்தது,
ஆகவே அது மாலையில்லை.
சொல்வது என் வேலையுமில்லை.
பதிவேட்டில் எண்பத்திரண்டுக்குக் கீழே
கோடு ஒன்று கிழித்தேன், கொஞ்சம் கோணலாய்.

டியூட்டி முடிந்து வரும்போது ஐந்தே முக்கால்.
குருமண்வெளித் துறைக்குப் போகிற ஓட்டோ
வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.
"ஐயா, கடைசிப் பாதை போயிரும்."
கண் திறக்கவில்லை. உதடு மட்டும்
சரவணபவ, சரவணபவ.
நடுவில் ஒரு இருமல்.
இருமலுக்கு மணி தள்ளவில்லை.

"எவ்வளவு நேரம் மிஸ்?" என்றான் ஓட்டோக்காரன்.
சாவியை அணைக்கச் சொன்னேன்.
காசு நான் தாறன் என்றேன்.
எத்தனைக்கு என்று அவனும் கேட்கவில்லை,
எனக்கும் தெரியாது.

வாங்கின் மற்ற முனையில் இருந்து
அந்தப் பெருவிரலைப் பார்த்தேன்.
அது அடுத்த மணிக்கு நகர்ந்தபோது
ஒன்று, என்றேன் எனக்குள்.
அவருக்கு அது எத்தனையோ.